அத்தை காண்டாமிருகம் ஆனது

என் அத்தைக்கு ஐம்பத்து நான்கு வயது ஆகும்வரை யாரும் அவளைப் பார்த்துக் கைதட்டியதில்லை. அதன்பின் ஒரு மைதானமே தட்டியது. தட்டியவர்களில் ஒருவருக்கும் அது என் அத்தை என்று தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு காண்டாமிருகம்.

அத்தை எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பில் தையல்காரி. மைதானத்தின் மேற்கு கேலரிக்கு அடியில், படிகள் சரிந்து இறங்கும் இடத்தில் அவளுடைய அறை. ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் போனால் தலை இடிக்கும். உள்ளே இரண்டு தையல் மெஷின்கள், ஜெர்சியில் எண் ஒட்டுவதற்கு ஒரு சூட்டுப் பெட்டி, மூலையில் கிழிந்த வலைகளின் குவியல். மேலே ஆட்டம் நடக்கும்போது கூரை அதிரும். நம் அணி கோல் போட்டால் எல்லோரும் ஒன்றாகக் குதிப்பார்கள், சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரும். கோல் வாங்கினால் ஒரு பெருமூச்சு மட்டும் இறங்கி வரும். சுண்ணாம்பு விழுந்ததா இல்லையா என்பதை வைத்தே அத்தை பல வருடங்களாக ஆட்டம் பார்த்துவந்தாள்.

ஆண்கள் அணிக்காரர்கள் அவளிடம் வந்து, "இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கக்கா, கை நல்லா தெரியணும்" என்பார்கள். பெண்கள் அணியும் ஒன்று இருந்தது. அவர்களுக்கு ஆண்கள் போட்டுக் கழித்த ஜெர்சிதான். தோள் தையல் முழங்கை வரை தொங்கும். அத்தை அதையெல்லாம் பிரித்து, வெட்டி, அளவாகத் தைத்துக் கொடுப்பாள். அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள்.

மாமாவுக்கு பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். "சாப்பாடு ஆச்சா?", "ம்", "கதவைச் சாத்து". இவ்வளவுதான் அவருடைய ஒருநாள் பேச்சு. ஆனால் மேற்கு கேலரியில் அவருக்கு 'சைரன்' என்று பெயர். அவர் வாயைத் திறந்தால் எதிரணி கோல்கீப்பர் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். நடுவரின் குடும்பத்தாரை எல்லாம் விசாரிப்பார். விசாரிக்கிற விதம்தான் கொஞ்சம் கூசும்.

அத்தை ஒருமுறை கேட்டாள்: "நானும் ஒரு நாள் மேட்ச் பாக்க வரட்டுமா?"

"அது பொம்பளைங்க வர்ற இடம் இல்ல."

"நான் தினமும் அங்கதானங்க வேலை பாக்கறேன்?"

"அது கீழ. நான் சொல்றது மேல."

அத்தை கீழேயே இருந்துவிட்டாள்.

கிளப்பின் சின்னம் காண்டாமிருகம். ஆட்டத்துக்கு முன்னாலும் இடைவேளையிலும் அந்த வேஷம் போட்ட ஒருவர் மைதானத்தைச் சுற்றி ஓடி, ஆடி, ஆட்டத்தின்போது கேலரிகளில் உலவி, கூட்டத்தைக் கத்த வைக்க வேண்டும். எல்லோரும் செல்லமாக 'காண்டா' என்பார்கள். காண்டாவுக்குள் இருந்தவர் ஒரு ஜிம் பயிற்சியாளர். ஒரு மேட்ச் நாளில் அவர் குட்டிக்கரணம் அடித்ததில் காண்டாவின் பின்பக்கம் கிழிந்துவிட்டது. அத்தை அதைத் தைத்துக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"போதும்க்கா. உள்ள அடுப்பு மாதிரி இருக்கு. போன வாரம் மயக்கமே வந்துடுச்சு, ஒரு தண்ணி பாட்டில் குடுக்க ஆள் இல்ல. இந்த உடம்பை ஏத்தறதுக்கு எத்தனை வருஷம் பாடுபட்டிருக்கேன்? இதை மூட்டைக்குள்ள போட்டுக் கட்டினா எவனுக்குத் தெரியும்?" என்றார். சொல்லிவிட்டு பையைத் தூக்கிக்கொண்டு போயேவிட்டார்.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். "ஆள் எங்க?"

"போயிட்டார் சார்."

"எங்க போயிட்டான்?"

"உடம்பைக் காட்டப் போயிட்டார்."

மேனேஜர் தலையில் கைவைத்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த காண்டாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடி காண்டாவைப் பார்த்தார். அத்தை நல்ல வாட்டசாட்டம். எங்கள் குடும்பத்தில் பரணிலிருந்து சாமான் எடுக்க ஸ்டூல் தேடாத ஒரே ஆள்.

"அக்கா, உங்க உயரம் என்ன?"

"எதுக்கு சார்?"

"சும்மா கேட்டேன்."

"பொண்ணு பாக்க வந்தவங்களைத் தவிர யாரும் சும்மா உயரம் கேக்க மாட்டாங்களே."

'ஒரே ஒரு தடவை' என்று மேனேஜர் கெஞ்சினார். 'ஒரே ஒரு தடவை' என்று அத்தையும் தனக்குள் சொல்லிக்கொண்டுதான் உள்ளே இறங்கினாள்.

வெளியே பார்ப்பதற்குக் காண்டாவின் வாயில் ஒரு கறுப்பு வலைத்துணி. உள்ளே ஈர ஸ்பாஞ்சு வாடை, அதன்மேல் ஜிம்காரரின் சென்ட். அத்தை தட்டுத்தடுமாறி மைதானத்துக்கு வந்தபோது கூட்டம் "காண்டா! ஆடு காண்டா!" என்று கத்தியது. அவள் மரம்போல நின்றாள். அவள் ஆடியதே இல்லை. யாராவது பார்ப்பார்கள் என்ற பயத்தில் வீட்டில் வேகமாக நடந்ததுகூட இல்லை. பார்க்கத்தான் செய்கிறார்கள், ஆனால் தன்னை இல்லை என்பது மெதுவாக அவளுக்கு உறைத்தது. ஒரு காலைத் தூக்கினாள். கைதட்டல். இன்னொரு காலைத் தூக்கினாள். பெரிய கைதட்டல். பந்தை உதைக்க ஓடினாள், பந்து தப்பியது, மல்லாக்க விழுந்தாள். மைதானம் சிரித்துக் குலுங்கியது.

"வீட்டுல அப்படி விழுந்திருந்தா 'பாத்து நடக்க மாட்டியா'ன்னுதான் கேட்டிருப்பாங்க. அங்க 'இன்னொரு தடவை'ன்னு கேட்டாங்கடி" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

மறு மேட்சுக்கு மேனேஜர் கேட்பதற்கு முன்பே அத்தை காண்டாவுக்குள் ஒரு குட்டி மின்விசிறியும், ஐஸ் பை வைக்க உள்பையும் தைத்து முடித்திருந்தாள். தண்ணீர் பாட்டிலுக்குத் தொப்பைக்குள் தனி இடம். மேனேஜரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: உள்ளே யார் என்று வெளியே தெரியக்கூடாது. அவரும் சந்தோஷமாக வாயைக் கட்டிக்கொண்டார்.

தொல்லை கிழக்கு கேலரியில் தொடங்கியது. அந்தப் பக்கம்தான் கொஞ்சம் பெண்கள் வருவார்கள். ஒரு நாள் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவன் அங்கே செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். போன் பார்த்தது மைதானத்தை அல்ல, கீழ்வரிசைப் பெண்களை. அந்தப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், நெளிந்தார்கள், கடைசியில் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். அவனும் எழுந்து வேறு வரிசைக்குப் போனான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ரொம்ப அக்கறையாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காண்டா ஆடிக்கொண்டே படியேறியது. அவன் முன்னால் நின்று ஒரு வணக்கம் போட்டது. பிறகு திரும்பி, தன் முழு எடையோடு அவன் மடியில் உட்கார்ந்தது. போன் எங்கே போனது என்று தெரியவில்லை, காண்டாவுக்குக் கீழேதான் எங்கேயோ இருந்தது. மைதானத்தின் பெரிய திரையில் கொம்பும், அதற்குப் பின்னால் ஒரு கூலிங்கிளாஸும் தெரிந்தன.

"காண்டா காண்டாயிடுச்சு டோய்!" என்று யாரோ கத்த, கேலரி முழுக்க அதையே கத்தியது.

அவன் எழுந்திருக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் நெளிந்தான். இந்த மாதிரி ஆட்கள் மாட்டிக்கொண்டால் 'சும்மா விளையாட்டுக்குத்தான்' என்று சொல்வார்கள் அல்லவா, அன்றைக்கு ஊரே அவனைப் பார்த்து அதைச் சொன்னது. "விடுப்பா, சும்மா விளையாட்டுக்குத்தானே!"

அதன்பிறகு அத்தைக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. பின்வரிசையிலிருந்து பெண்களின் முடியை இழுப்பவன் பக்கத்தில் காண்டா போய் உட்கார்ந்து, பெரிய குளம்பால் அவன் தலையை வாரிவிடும். கேவலமாக ஏதாவது சொல்பவன் தலையில் அவனுடைய பாப்கார்னே அபிஷேகமாகும். பெண்கள் கவனித்துவிட்டார்கள். ஏதாவது என்றால் காண்டாவைப் பார்த்து நெற்றியில் விரலைக் கொம்பு மாதிரி வைத்துக் காட்டுவார்கள். காண்டா கிளம்பிவிடும். தோழிகளோடு வந்தார்கள், அம்மாக்களோடு வந்தார்கள். கிழக்கு கேலரி நிறைய ஆரம்பித்தது. மேனேஜர் இது தன்னுடைய விளம்பரத்தால் என்று கமிட்டியில் சொல்லிக்கொண்டார்.

வீட்டில் மாமாவுக்குத் திடீரென்று பேச்சு வந்தது. எல்லாம் காண்டாவைப் பற்றித்தான்.

"அந்தப் பையன் இருக்கானே, என்ன துடிப்பு, என்ன ஓட்டம்! யாரு பெத்த புள்ளையோ."

"அவங்க அம்மாவைத்தான் கேக்கணும்" என்று அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உனக்கு எங்க புரியும்? அதெல்லாம் வயசு இருக்கறப்போ செய்யறது. உனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது."

"ஆமாங்க. இப்பல்லாம் ரொம்ப வாங்குது" என்றாள் அத்தை. பொய் இல்லை.

மேற்கு கேலரிக்கும் காண்டா போகவேண்டி வந்தது. முதல்முறையாக அத்தை தன் கணவரின் சொல்வளத்தை நேரில் கேட்டாள். "முப்பது வருஷமா குடித்தனம் பண்றேன், இந்த மனுஷனுக்கு இவ்ளோ வார்த்தை தெரியும்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்று என்னிடம் வியந்தாள். காண்டா போய் அவர் வாயைக் குளம்பால் பொத்தியது. கேலரி சிரித்தது. மாமா அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டார். காண்டாவின் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினார். அவர்கள் இருவரும் சேர்ந்து படம் எடுத்துப் பல வருடங்களாகிவிட்டதென்று அத்தைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போட்டோவைத் துடைக்கும்போதெல்லாம் தனியாகச் சிரிப்பாள்.

ஒரு நாள் பாதி ஆட்டத்தில் மழை கொட்டியது. எல்லோரும் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். காண்டாவுக்குப் பக்கத்தில் மாமா வந்து நின்றார். தூண் மறைவு, பக்கத்தில் வேறு ஆள் இல்லை. காண்டா பேசக்கூடாது என்பது கிளப் விதி. பேசாத துணை கிடைத்ததும் மாமாவுக்கு வாய் திறந்துகொண்டது.

"தம்பி, உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

காண்டா தலையாட்டியது.

"எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா. இங்கதான் கீழ தைக்கறா. ஒரு நாள் நானும் வரேன்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன். ஏன் தெரியுமா? இங்க நான் கத்தறதை அவ கேட்டுடக் கூடாது. வீட்ல என்னை ஒரு மனுஷன்னு மதிச்சிட்டிருக்கா. அது போயிடும்."

காண்டா அவர் முதுகில் குளம்பால் இரண்டு தட்டு தட்டியது.

"எனக்கு உள்ள சிரிப்பும் வருது, மூக்கும் ஒழுகுது. காண்டா எப்படிடி மூக்கைத் துடைக்கும்?" என்றாள் அத்தை.

இப்படியே போயிருந்தால் இது ரகசியமாகவே இருந்திருக்கும். கூலிங்கிளாஸ்காரன் விடவில்லை. அவன் சாதாரண ஆள் அல்ல, ஜெர்சியில் பெயர் போட்டுக்கொள்ளும் பெயிண்ட் கம்பெனி முதலாளியின் மச்சான். காண்டா வேஷக்காரன் தன்மேல் உட்கார்ந்து அவமானப்படுத்தினான், இடுப்பு வலிக்கிறது, ஆளை வெளியே அனுப்ப வேண்டும் என்று புகார் கொடுத்துவிட்டான். செயலாளர் விசாரணை வைத்தார். மேனேஜர் கீழே வந்து, "அக்கா, மேல வரணும். தப்பிக்க வழியில்ல" என்று கையைப் பிசைந்தார்.

அத்தை துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அதனால் அங்கே நடந்தது எனக்கு நேராகத் தெரியும்.

கமிட்டி அறையின் கதவுக்கு வெளியே நின்றபோதே உள்ளே மாமாவின் குரல் கேட்டது. ரசிகர் சங்கத்தின் சார்பில் காண்டாவுக்காக வாதாட வந்திருந்தார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவள் கிள்ளினாள்.

"ஐயா, அந்தத் தம்பி தங்கமான பையன். அவனை வெளிய அனுப்பினா மேற்கு கேலரியே காலியாயிடும். அப்புறம் கத்தறதுக்கு நாங்க இருக்க மாட்டோம்!"

"சரி சரி, அந்த ஆளை வரச் சொல்லுங்க" என்றது செயலாளரின் குரல்.

நாங்கள் உள்ளே போனோம். சுவரோரம் கோப்பைகள் நின்றன, ஏசி குளிர்ந்தது. மேஜையோரம் கூலிங்கிளாஸ்காரன் கையில் போனோடு உட்கார்ந்திருந்தான். அத்தையின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மாமா பதறினார்.

"ஏய், நீ எதுக்கு இங்க வந்த? மீட்டிங் நடக்குது. போ, அப்புறம் வா."

"கூப்பிட்டாங்க, வந்தேன்."

செயலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "தையக்காரம்மா, நாங்க கூப்பிட்டது காண்டாமிருகத்தை."

"நான்தான் சார்."

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு மேட்சாக அவருக்குள் ஓடுவது வெளியிலிருந்தே தெரிந்தது. வாயைப் பொத்தியது, போட்டோ எடுத்தது. பிறகு ஓர் இடத்தில் முகம் நின்றுவிட்டது.

"மழை அன்னிக்கும்...?"

"மழை அன்னிக்கும்" என்றாள் அத்தை.

மாமா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது செயலாளருடைய உதவியாளரின் நாற்காலி. யாரும் எழுப்பவில்லை.

செயலாளர் கூலிங்கிளாஸ்காரன் பக்கம் திரும்பினார். "இவங்கதான் உங்க மேல உட்கார்ந்தாங்களா?"

அவன் கூலிங்கிளாஸைக் கழற்றினான். "முரட்டு ஆம்பளைன்னு நினைச்சேன் சார்."

"தம்பி, அன்னிக்கு நீங்க போன்ல எடுத்தது ஆட்டமா? கோல்போஸ்ட் அந்தப் பக்கம் இல்லையே" என்றாள் அத்தை. "போன் கையிலதான் இருக்கு. சாருக்கும் அந்த கோலைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

அவனுக்கு உடனே ஓர் அவசர வேலை ஞாபகம் வந்தது. புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகக் கதவருகில் நின்று சொல்லிவிட்டுப் போனான். அவனை யாரும் தடுக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை. முதலாளியின் மச்சான் அல்லவா. அடுத்த சீசனில் விஐபி அறையில் உட்கார்ந்தான். அங்கே வயதான கமிட்டிக்காரர்களைத் தவிர படம் எடுக்க ஒருவரும் இல்லை. அதைத் தண்டனை என்று வைத்துக்கொள்வது நம் விருப்பம்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஒரு கமிட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும், இந்த வயசுல ஒரு பொம்பளை இப்படிக் குதிக்கறது கிளப்புக்கு நல்லாவா இருக்கும்? வேற பையனைப் பாக்கலாமே."

அத்தை வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். அது வீட்டு மாமா அல்ல, சைரன்.

"இத்தனை நாள் நல்லாத்தானே இருந்துச்சு! உள்ள யாருன்னு தெரிஞ்சதும் எப்படி சார் கெட்டுப்போகும்? நீங்கதானே போன மேட்ச்ல எழுந்து நின்னு விசிலடிச்சீங்க?" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வழக்கமாக நடுவருக்குச் சொல்கிற ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டார். சொன்ன பிறகுதான் மனைவி பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்லங்க. இதை ஏற்கெனவே கேட்டிருக்கேன்" என்றாள் அத்தை.

காண்டா நீடிக்கலாம், ஆனால் பார்வையாளர்களைத் தொடக்கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. அத்தை ஒப்புக்கொண்டு, பதிலுக்கு இரண்டு கேட்டாள். கேலரியில் பெண்களுக்கு ஏதாவது என்றால் கவனிக்க ஆட்கள் வேண்டும், காண்டாவை நம்பி ஒரு மைதானம் நடக்கக்கூடாது. பெண்கள் அணி மேட்சுக்கும் காண்டா போகும், அவர்களுக்குப் புது ஜெர்சியும் வேண்டும். முதல் கோரிக்கைக்கு மஞ்சள் கோட்டு போட்ட இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இரண்டாவதில் பாதிதான் கிடைத்தது. காண்டா போனது, ஜெர்சி வரவில்லை. அத்தை இன்னும் பிரித்துத்தான் தைக்கிறாள்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது மாமா தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தார். சில நாட்கள் 'ம்' கூடச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நான் அன்னிக்குப் பேசினதெல்லாம் உள்ள கேட்டுச்சா?"

"காதுகிட்ட முழுக்க ஸ்பாஞ்சுங்க. ஒண்ணும் கேக்கல."

"நல்லது" என்றார் மாமா. ஸ்பாஞ்சு எவ்வளவு மெல்லிசு என்பது அவருக்கும் தெரியும், தோளில் கைபோட்டவர்தானே. ஆனால் அன்று மாலை டிப்போவிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்து, பெண்கள் அணியின் மேட்சைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். கேலரியில் ஆட்களே இல்லாததால் அவர் போட்ட சத்தம் எதிரொலித்தது. அந்தப் பெண்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

அத்தை இன்னும் இரண்டு சீசன் குதித்தாள். பிறகு முழங்கால் வேண்டாம் என்றது. காண்டா பிரபலமாகிவிட்டதென்று கேள்விப்பட்டு ஜிம்காரர் திரும்பி வந்து கேட்டுப் பார்த்தார். அத்தை அதற்குள் பெண்கள் அணியின் மாற்று கோல்கீப்பருக்கு அளவெடுத்து, காண்டாவின் தொப்பையைக் கொஞ்சம் உள்ளே பிடித்து வைத்துவிட்டாள்.

இப்போது அத்தை டிக்கெட் வாங்கிக்கொண்டு மேற்கு கேலரியில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறாள். இத்தனை வருடம் சுண்ணாம்பை வைத்து ஆட்டம் பார்த்ததற்கும், காண்டாவுக்குள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கும் சேர்த்து வைத்துக் கத்துகிறாள். போன வாரம் நானும் போயிருந்தேன். எங்கள் அணிக்கு ஒரு பெனால்டி கொடுக்கவில்லை. அத்தை எழுந்து நின்று நடுவரைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள். மாமா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"மெதுவா! பக்கத்துல பொம்பளைங்க இருக்காங்க."

"அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் அத்தை.

பின்வரிசையில் இருந்த பெண்கள் ரொம்ப அக்கறையாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் மட்டும் ஒருமுறை திரும்பி மேற்கு கேலரியைப் பார்த்தார்.